சிறுபோகப் பங்குப் பட்டியல்

தம்பி,

நேற்று மத்தியானம் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் நீ மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு, நான் குசினியில் அரை மணி நேரம் சும்மா நின்றேன். நான் சும்மா நிற்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். முப்பது வருடம் வரலாறு படிப்பித்த வாய் இது. யார் எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருக்கும். நேற்று நீ கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. இரவு படுத்திருந்து யோசித்ததில் அது வந்துவிட்டது, அதுதான் இந்தக் கடிதம். நேரில் சொன்னால் என்ன என்று நீ நினைப்பாய். தாயும் மகனும் நேரில் கதைத்தால் பத்தாவது நிமிடம் இரண்டு பேருடைய குரலும் ஏறிவிடும், பிறகு உன் மனைவி வந்து விலக்குப் பிடிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை இருக்கிறது. இன்னொன்றையும் முதலே சொல்லிவிடுகிறேன். இதன் பிரதி ஒன்றைப் பொதுநோக்கு மண்டபத்து அறிவித்தல் பலகையில் ஒட்டப் போகிறேன். ஆத்திரப்படாதே. நான் பிழை செய்தது ஊருக்கு முன்னால், ஆகவே அதைச் சொல்வதும் ஊருக்கு முன்னால்தான் இருக்க வேண்டும்.

ஊருக்குப் புதிதாக வந்தவர்களும் வாசிப்பார்கள் என்பதால் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். இந்த முறை மழை ஏமாற்றிவிட்டது. குளத்தில் இருக்கிற தண்ணீர், கோடையில் விதைக்கிற சிறுபோகத்துக்கு முழு வயலுக்கும் காணாது. அப்படியான வருடங்களில் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. குளத்தை ஒட்டிய மேல்வயலை மட்டும் விதைப்பது, அதையும் அந்த வயலின் சொந்தக்காரர் மட்டும் விதைக்காமல், கீழே கடைசி வாய்க்காலில் வயல் உள்ளவர் வரைக்கும் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொள்வது. மேல்வயல்காரர் தன் நிலத்தை அந்த ஒரு போகத்துக்கு மற்றவர்களுக்கு விட்டுக்கொடுப்பார். அடுத்த மழைக்கு அவரவர் வயல் அவரவருக்கு. யார் யாருக்குத் துண்டு என்று ஒரு பட்டியல் போட்டு, கூட்டத்தில் வாசித்து, எல்லோரும் ஓம் என்றால்தான் குளத்துத் துருசைத் திறந்து தண்ணீர் விடுவார்கள். போன மாதம் கமக்காரர் அமைப்புக்கு உன்னைச் செயலாளராகத் தெரிந்தெடுத்தார்கள். எனக்குப் பெருமை, மறைக்கவில்லை. நேற்று நீ உன் முதல் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினாய். நல்ல வடிவாகக் கணினியில் அடித்து, அடியில் கோடும் கீறியிருந்தாய். நான் கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "செல்வியின்ர பேர் எங்கை?" என்று கேட்டேன்.

"அவைக்கு அரசாங்கக் காணிப் பெர்மிற் இல்லை, அம்மா. கடைசி வாய்க்காலுக்கு அங்கால இருக்கிற எட்டுக் குடும்பத்துக்கும் இல்லை. பெர்மிற் இருக்கிறவைக்குத்தான் பங்கு. இது நான் செய்த சட்டமில்லை" என்றாய். நான் விடவில்லை. எட்டுக் குடும்பமும் என்ன காற்றைச் சாப்பிடுகிறதோ என்று கேட்டேன். அப்போதுதான் நீ பையிலிருந்து அந்தப் பழைய கொப்பியை எடுத்தாய். போர் முடிந்து மீளக்குடியேறிய பிறகு வந்த முதல் வறட்சியில், நான் செயலாளராக இருந்தபோது எழுதிய பங்குப் பட்டியல். அதை விரித்து மேசையில் வைத்து, "உங்கட கையெழுத்துத்தானே, அம்மா? நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்யிறன். இப்ப மட்டும் என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனாய். இப்ப மட்டும் என்ன என்ற அந்தக் கேள்விக்குத்தான் இனி நான் எழுதப்போவது எல்லாம்.

என் வகுப்பில் நீ தரம் ஆறு படித்தது ஞாபகம் இருக்கும். ஆதி மனிதன் ஏன் ஆற்றங்கரையில் குடியேறினான் என்று சோதனையில் கேட்டதற்கு, 'குளிக்க' என்று எழுதிவிட்டு வந்தவன் நீ. நான் பூச்சியம் போட்டேன். வீட்டில் நீ இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, அப்பா ஆளுக்கு மாறி ஆளிடம் தூது போனார். அந்தப் பாடம் எனக்கு மிகவும் பிடித்த பாடம். கரும்பலகையில் ஒரு படிக்கட்டு கீறுவேன். அடிப்படியில் வேட்டையாடிக் காய்கிழங்கு பொறுக்கித் திரிந்த மனிதன். அடுத்த படியில் நெருப்பு, அதற்கு மேலே விதைப்பு, ஆடு மாடு, நிலையான குடியிருப்பு. பிறகு தேவைக்கு மேல் விளைந்த தானியம், அதைக் காக்க ஒரு களஞ்சியம், களஞ்சியத்தைக் காக்க ஒருவன். எல்லோரும் உழத் தேவையில்லை என்றானதும் குயவனும் தச்சனும் வந்தார்கள். உச்சிப்படியில் நகரம், அரசன், சட்டம், எழுத்து. ஒவ்வொரு படியிலும் மனிதன் கொஞ்சம் நல்லவனாகிக்கொண்டே போகிறான் என்பது போலத்தான் நான் படிப்பித்தேன். உச்சிப்படிக்கு வரும்போது என் குரலே மாறிவிடும். எழுத்து வந்ததும் மனிதன் நாகரிகமடைந்தான் என்று, அதை நானே கண்டுபிடித்தது மாதிரிச் சொல்வேன்.

அந்தப் படிக்கட்டில் அடிப்படிக்கு நாங்களே திரும்பிப் போன காலம் ஒன்று இருந்தது. போரில் எங்கள் முதல் இடப்பெயர்வு. உனக்கு அப்போது ஐந்து வயது, தங்கை கைக்குழந்தை. காட்டோரம் தறப்பாளைக் கூரையாகக் கட்டி இருந்தோம். கொண்டுபோன அரிசி முடிந்ததும், பொறுக்கித் தின்கிற வேலை தொடங்கியது. உணவு சேகரித்தல் என்று எத்தனையோ வருடம் படிப்பித்த எனக்கு எந்த இலையைத் தின்னலாம், எதைத் தின்றால் வயிற்றாலே போகும் என்று தெரியாது. பக்கத்துத் தறப்பாளில் இருந்த ராமையா அண்ணனுக்குத் தெரியும். செல்வியின் தகப்பன்தான் அவர். தாய் தகப்பனோடு சின்ன வயதில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். எங்கள் குளத்துக் கடைசி வாய்க்காலுக்கு அப்பால் காட்டை வெட்டி வயலாக்கியது அவருடைய குடும்பமும் அவர்களோடு வந்தவர்களும்தான். அவர்களை ஊரில் 'வந்த ஆக்கள்' என்று சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்த வந்த மனிதர்தான் இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு முசுட்டை இலையைக் காட்டி, "இத தைரியமா ஆஞ்சுக்கங்க டீச்சரம்மா" என்று சொல்லித் தந்தார். கிடைத்ததை அங்கே யாரும் தனியாக வைத்துத் தின்னவில்லை. எவருக்கு என்ன அகப்பட்டாலும் நாலு தறப்பாளுக்கும் போகும். நல்லவர்களாக இருந்ததால் என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கு எனக்கு அகப்பட்டது, நாளைக்கு உனக்கு அகப்படும், அந்த நாளைக்கு நான் பட்டினி கிடக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. ஆதி மனிதனும் அப்படித்தான் பகிர்ந்திருப்பான் என்று அப்போது எனக்கு விளங்கியது.

ராமையா அண்ணனிடம் ஒரு உரப்பை நிறைய விதைநெல் இருந்தது. ஓடி வரும்போது உடுப்பை விட்டுவிட்டு அதைத்தான் தூக்கி வந்திருந்தார். தலைக்கு வைத்துப் படுப்பார். ஒரு நாள் உனக்குக் காய்ச்சல். வாய்க்குக் கஞ்சி கேட்டு அழுதாய், என்னிடம் ஒரு மணி அரிசி இல்லை. நான் போய் அவரிடம் இரண்டு கை நெல் கேட்டேன். குத்திக் கஞ்சி வைக்க. அந்த மனிதர் உரப்பையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இது வேணாங்க டீச்சரம்மா. இது அடுத்த வருசத்துச் சோறுங்க" என்றார். என் பிள்ளை சாகக் கிடக்கிறான், இவர் அடுத்த வருடத்தைப் பற்றிக் கதைக்கிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படி ஒரு வெறுப்பு எனக்கு வேறு யாரிலும் வந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய மனைவி தங்கள் பங்குக் கஞ்சியைக் கோப்பையோடு கொண்டுவந்து தந்தாள். அன்று அவர்கள் வீட்டில் பிள்ளைகள் உட்பட ஒருவரும் சாப்பிடவில்லை என்று பிறகுதான் அறிந்தேன். நீ குடித்தாய், பிழைத்தாய். நான் நன்றி சொன்னேன், ஆனால் உரப்பையை அவர் இழுத்துக்கொண்டதை மறக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை, வயலில் நெஞ்சளவுக்குப் பற்றை. ஒட்டுசுட்டான் முழுக்க அலைந்தும் விதைநெல் கிடைக்கவில்லை. ராமையா அண்ணன் அந்த உரப்பையை அவிழ்த்தார். தனக்கு மட்டும் விதைக்காமல், ஒழுங்கையில் இருந்த அத்தனை வீட்டுக்கும் அளந்து கொடுத்தார். அப்பா அன்று வரம்பில் இருந்து அழுததை நீ பார்த்திருக்க மாட்டாய். காட்டில் பட்டினி கிடந்து ஒருவர் தின்னாமல் வைத்திருந்ததால்தான் எங்கள் வயல் மறுபடி வயலானது. விதைப்பு என்ற அந்த மூன்றாம் படியை நான் கரும்பலகையில் ஒரே கோட்டில் கீறிவிட்டுப் போய்விடுவேன். பசித்த பிள்ளைக்கு முன்னால் விதையைத் தின்னாமல் வைத்திருப்பது எப்படிப்பட்ட காரியம் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. முதன்முதலில் விதைத்த மனிதர்கள் ஒவ்வொரு வருடமும் அதைச் செய்திருக்கிறார்கள்.

இப்போது என் பட்டியலுக்கு வருகிறேன். பிறகும் எத்தனையோ முறை ஓடி, கடைசியாகத் திரும்பி வந்து, அப்பாவும் போய்விட்ட பிறகு வந்த வறட்சி அது. நீ வவுனியாவில் படித்துக்கொண்டிருந்தாய். டீச்சருக்கு நல்ல கையெழுத்து என்று என்னைச் செயலாளராக்கியிருந்தார்கள். அரசாங்கக் கமநல உத்தியோகத்தர் வந்து, "உங்கட பங்குப் பட்டியலைத் தாங்கோ" என்று மட்டும்தான் கேட்டார். பெர்மிற் இருக்கிறவர்களை மட்டும் எழுதுங்கள் என்று அவர் சொல்லவில்லை, எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. அதைத் தீர்மானித்தது நான். கடைசி வாய்க்கால்காரரில் பலர் பெர்மிற்றுக்கு விண்ணப்பித்தவர்கள்தான், கடதாசிகள் ஓட்டத்தில் தொலைந்துபோனவை. எனக்கு அது தெரியும். அவர்களுடைய விண்ணப்பங்களில் இரண்டு மூன்றை எழுதிக் கொடுத்ததே நான். ஆனாலும் எட்டுக் குடும்பத்தையும் சேர்த்தால் எங்கள் துண்டு சுருங்கும். உனக்கு விடுதிச் செலவு, தங்கைக்குக் கலியாணப் பேச்சு. இப்படி நியாயம் சொல்லிக்கொண்டு மேசையில் இருந்து எழுதினேன். ராமையா அண்ணனின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கணம் பேனா நின்றது. அந்தக் கணத்தில் எனக்கு ஞாபகம் வந்தது அவர் அளந்து தந்த விதைநெல் இல்லை, தம்பி. தன் பக்கம் இழுத்துக்கொண்ட அந்த உரப்பை. இதை நான் இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை, அப்பாவின் படத்துக்கு முன்னால்கூடச் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

கூட்டத்தில் நான் பட்டியலை வாசித்து முடித்தேன். ராமையா அண்ணன் பின்வரிசை வாங்கிலிருந்து எழும்பினார். வெள்ளைச் சேட்டு போட்டிருந்தார், கூட்டம் என்றால் அதைத்தான் போடுவார். "நம்ம பேரு விட்டுப்போச்சுங்களா, டீச்சரம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு வாசல் திறந்து வைத்திருந்தார், பார். ஓம், மறந்துபோச்சு அண்ணன் என்று சொல்லி ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். நான் நிமிர்ந்து நின்று, "பெர்மிற் இருக்கிற ஆக்களுக்குத்தான் அண்ணன் பங்கு. இது நான் செய்த சட்டமில்லை" என்றேன். "சரிங்க" என்றுவிட்டு அவர் திரும்ப வாங்கில் இருந்துவிட்டார். எல்லாருடைய துண்டும் கொஞ்சம் அகன்றிருந்தது, யார் கதைப்பார்கள்? அந்தப் போகம் அவர் எங்கள் துண்டுகளில் கூலிக்கு வேலை செய்தார். என் துண்டிலும் செய்தார். தேத்தண்ணி கொடுத்தால் வாங்கிக் குடிப்பார், உன் படிப்பை விசாரிப்பார். பிறகு பல வருடம் உயிரோடு இருந்தார், கோயிலில் கண்டால் அவர்தான் முதலில் சிரிப்பார். மன்னியுங்கோ என்று ஒரு சொல் என் வாயில் வரவில்லை. வரலாறு படிப்பிக்கிற வாய்க்கு அது மட்டும் வரவில்லை.

நேற்று நீ சொன்ன வசனம் என்னுடைய வசனம் என்று இப்போது விளங்குகிறதா? அந்தச் சட்டத்தை நான்தான் செய்தேன், ஒரு மத்தியானம், இந்த மேசையில், என் பேனாவால். அடுத்து வந்த செயலாளர் அதைப் பார்த்து எழுதினார். அதற்கு அடுத்தவரும் எழுதினார். இன்றைக்கு அது ஊர் வழக்கம் என்ற பெயரோடு உன் கைக்கு வந்திருக்கிறது. நதிக்கரை நாகரிகங்களில் மனிதன் முதலில் எழுதியது பாட்டோ பிரார்த்தனையோ இல்லை, தானியமும் பங்கும் பற்றிய பட்டியல்கள்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் களிமண் பலகைகளைப் பற்றி வியந்து வியந்து சொல்வேன். அதில் எழுதப்படாதவன் அன்று என்ன சாப்பிட்டான் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. எழுத்து பெரிய காரியம்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் வாயால் பெயர் சொல்லாமல் விட்டவனுக்கு மறதி என்று சாட்டுச் சொல்லலாம். எழுதுகிறவன் விட்டால் அது தீர்ப்பு. நீ இப்போது எழுதுகிறவன்.

உன் கவலையும் எனக்கு விளங்காமல் இல்லை. மேல்வயல்காரர்கள் முறுகுவார்கள். தண்ணீர் கூடப்போவதில்லை, ஆட்கள் மட்டும் கூடினால் ஒருவருக்கும் காணாது என்பார்கள். அவர்களிடம் இரண்டு விடயம் சொல். ஒன்று, எங்கள் துண்டுகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் ஒடுங்கும், ஒருவரும் பட்டினி கிடக்க மாட்டார். பட்டியலில் இல்லாத எட்டு வீடும்தான் கிடக்கும். மற்றது, மழைக்கு விதைக்கிற காலபோகத்தில் காட்டிலிருந்து யானை இறங்கினால் முதலில் யாருடைய வரம்பில் ஏறுகிறது என்று கேள். கடைசி வாய்க்கால்காரர் வெடி கொளுத்திக் கலைப்பதால்தான் மேல்வயல்காரர் கண் மூடித் தூங்குகிறார்கள். ஊரைக் காக்கும்போது அவர்களிடம் யாரும் பெர்மிற் கேட்பதில்லை. இதை நீ சொன்னால் எடுபடும். உனக்குக் குரலும் இருக்கிறது, நியாயத்தை நேராக வைக்கவும் தெரியும். அதை நான் உனக்குப் படிப்பிக்கவில்லை, அது அப்பாவின் குணம். நீ பயந்து இந்தப் பட்டியலைப் போட்டாய் என்றும் நான் நினைக்கவில்லை. அம்மா எழுதியது சரியாக இருக்கும் என்று நம்பிப் போட்டாய். அதுதான் என்னை நேற்றிரவு தூங்க விடவில்லை.

இன்று காலை நான் செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் உழுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அந்த உரப்பை ஞாபகம் உட்பட. அவள் சுளகைக் கீழே வைக்கவும் இல்லை, அழவும் இல்லை. "அப்பாவுக்குத் தெரியும், டீச்சர். அண்டைக்கு நெல்லுக் குடுக்காததை நீங்க மறக்கேல்லை எண்டு வீட்டில சொல்லுவார். கோவிக்கேல்லை, கவலைப்பட்டவர்" என்றாள். பிறகு அவள் ஒன்று சொன்னாள், அதை அப்படியே எழுதுகிறேன். "உங்கட மகன் எழுதினா எழுதட்டும். ஆனா நான் கூட்டத்தில எழும்பி என்ர பேர் எங்கை எண்டு கேக்க மாட்டன். அப்பா ஒருக்காக் கேட்டது காணும்." கேட்காமல் இருப்பதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் இரண்டு பிள்ளைகளோடு இந்தப் போகத்தை அவள் எப்படித் தாண்டுவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே புதன்கிழமைக் கூட்டத்துக்கு நான் வருவேன். நீ வாசிக்கும் பட்டியலில் அந்த எட்டுக் குடும்பமும் இருந்தால், என் பெயர் வரும்போது ஓம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பேன். இல்லாவிட்டால் எழும்பி, என் துண்டைச் செல்விக்கு எழுதச் சொல்வேன். காணிப் பெர்மிற் என் பெயரில் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க எனக்கு முடியும். அந்தத் துண்டை விதைக்கப்போவது நீ, அது உன் வீட்டுச் சோறு என்று தெரிந்துதான் சொல்கிறேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினை, நான் கவலைப்படவில்லை. ஆனால் அதற்குத் தேவை வராது என்பதே என் எண்ணம். என் பிள்ளையை எனக்குத் தெரியும்.

ஒரு வேலை மட்டும் மிச்சம் இருக்கிறது. பட்டியலுக்கு முழுப்பெயர் வேண்டும். செல்வி என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். அவள் என்னிடம் படித்தவள் இல்லை, இடம்பெயர்ந்திருந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து, அவளுடைய தாய் கொண்டுவந்த கஞ்சியில் உன்னைப் பிழைக்க வைத்து, காலையில் வாசலில் நின்று அவ்வளவும் கதைத்துவிட்டு வந்த எனக்கு அவளுடைய முழுப்பெயர் தெரியாது. திரும்பி வரும் வழியில்தான் அது உறைத்தது. நாளைக்குக் காலையில் நீயே போ. எட்டு வீட்டுக்கும் போ. பெயரைக் கேட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுது. எனக்கும் வந்து சொல்.

அம்மா